பாடாலூர்ப் பக்கத்தில் ஒரு போர்க்கப்பல்

நான் வீடுகளுக்கு பிளான் போடுகிறவள். பெரம்பலூரில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில், மாடியில், பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பது அரியலூரில். காலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் அதே மாதிரி ஊர்ந்து திரும்புவேன். கடலை நான் பார்த்தது மொத்தம் மூன்று தடவை, மூன்றும் வேளாங்கண்ணியில். கப்பலைப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவளிடம் ஒருவர் போர்க்கப்பலுக்கு பிளான் கேட்டு வந்தார் என்றால், கேட்டவரைச் சொல்வதா, ஒத்துக்கொண்ட என்னைச் சொல்வதா என்று இன்றுவரை தெரியவில்லை.

வந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பாடாலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். படியைக் காலால் தடவித் தடவி ஏறி வந்தார். கறுப்புக் கண்ணாடி. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைப், அதற்குள் சுருட்டிய தாள்கள். என் மேஜையில் விரித்தால் பாதிதான் கொண்டது. எனவே தரையில் விரித்தோம். தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க, ஆபீஸில் பேப்பர் வெயிட்டாகக் கிடக்கும், கல்லாகிப்போன பழங்காலக் கடல் நத்தைகளை நாலு மூலையிலும் வைத்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து யாரோ கொண்டு வந்து போட்டவை அவை.

தாளில் ஒரு கப்பல் தலையிலிருந்து வால்வரை நெடுக்கே பிளந்து கிடந்தது. பலாப்பழத்தைப் பிளந்தால் எப்படி ஒவ்வொரு சுளையும் அதனதன் அறையில் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. மேலே நாலு புகைபோக்கி, இரண்டு கொடிமரம். அதற்குக் கீழே தளம், தளத்துக்குக் கீழே தளம், ஏணி, பீரங்கி, சமையல்கட்டு, நடுவில் வரிசை வரிசையாகக் கொதிகலன்கள். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. ஒரு கோடு கூட நடுங்கவில்லை. கோடு போட்டே சோறு தின்கிறவள் நான். தரையில் குந்தி, ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து அது முடிகிறவரை தொடர்ந்து போனேன். நூற்றிருபது வருஷத்துக்கும் முன்னால் கம்ப்யூட்டரும் இல்லாமல், அழித்து எழுதவும் வழியில்லாமல் ஒருவன் இதை மையில் போட்டிருக்கிறான். அன்று சாயங்காலம் நான் வரைந்து வைத்திருந்த கழிவறையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அது வெள்ளைக்காரர்களுடைய கப்பல். விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் கட்டிய, குரூசர் என்னும் வேகப் போர்க்கப்பல் வகை. நாங்கள் ஒரே பிளானில் எட்டு வீடு கட்டி விற்பதுபோல, இந்த ஒரே வரைபடத்தில் எட்டுக் கப்பல் கட்டினார்களாம். ஒன்று சண்டையில் மூழ்கியது. மற்றவை பின்னால் உடைத்து இரும்பாகப் போயின. எட்டில் ஒன்றுகூட இப்போது இல்லை. எட்டடி நீளத்தில் தகட்டில் அதைச் செய்யப் போகிறேன், உள்ளிருக்கும் எலும்புக்கூட்டை, அதாவது தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை மட்டும் வெட்டுவதற்கு ஏற்றபடி வரைந்து கொடுங்கள் என்றார் அவர்.

எங்கள் இன்ஜினியருக்கு விளையாட்டுப் பேச்சு வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு ஈசானி மூலை எது, அக்னி மூலை எது என்று கேட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. அடுப்பு முப்பது, முப்பதும் நடு வீட்டில் என்றார். வெள்ளைக்காரன் கப்பலை நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும் என்று இன்ஜினியர் விடாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"கப்பல் ராணியோடதா இருக்கட்டும் சார். தகடு அடிச்சவன் என்னை மாதிரி ஆளு."

அவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டில் இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்தவர். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். முதன்முதலில் பிளேன் ஏறியது இவர்தான். ஊரில் அவருக்குப் பெயரே கப்பல்காரர். கப்பலில் நின்று உலகம் சுற்றியவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால் அவர் ஒரு கப்பலிலும் ஒரு மைல்கூடப் போனதில்லை. அதைவிட, ஒரு கப்பலை முழுதாகப் பார்த்ததும் இல்லை. கப்பலைத் துண்டு துண்டாகச் செய்வார்களாம். இவர் வேலை அடித்துண்டுக்குள். ஒரு துண்டு முடிந்தால் அது கிரேனில் போய்விடும், அடுத்த துண்டு வரும். விடுமுறை நாளில் ஏதோ ஒரு கண்காட்சியில் இந்தப் படத்தின் நகலைப் பார்த்திருக்கிறார். ஒரே தாளில் ஒரு கப்பல் முழுசாக இருந்ததாம். அங்கேயே வாங்கிவிட்டார்.

"இருபத்திரெண்டு வருசம் கப்பலுக்குள்ளயே கெடந்தேன் மேடம். ஒரு கப்பலையாவது வெளியில நின்னு முழுசா பார்த்துட்டா போதும்" என்றார்.

அவசரத்துக்குக் காரணம் கண். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண் ஏற்கெனவே போயாயிற்று. வலது கண்ணில் நடுவில் ஒரு கறை, சுற்றிலும்தான் தெரியும். திருச்சியில் ஊசி போடுகிறார்கள். போவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எத்தனை மாதம் தள்ளும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நான் ஒத்துக்கொண்டேன். இரக்கத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் பாதிக்கு மேல் திமிர். பதினெட்டு வருஷத்தில் என் பிளான் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. ஒரு கப்பல் என்ன பெரிய கொம்பா என்று நினைத்தேன்.

பெரிய கொம்புதான். தாள்களில் ஒன்றில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள் மாதிரி, கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அதற்கு வலப்புறம் பத்து வளைவு, இடப்புறம் பத்து வளைவு. கப்பலை ரொட்டி மாதிரி துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் என்ன வடிவம் என்று காட்டும் படம் அது. வலப்பக்க வளைவுகளும் இடப்பக்க வளைவுகளும் வேறு வேறாக இருந்தன. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏன் வரும்? நான் வரைந்த எந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது? ஒரு பக்கம் மூன்றடி விடுவோம், மறுபக்கம் பங்காளிச் சுவர். ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் போர்வெல். கப்பலுக்கும் ஏதோ காரணம் இருக்கும், கரையை ஒட்டி நிற்கிற பக்கம் வேறாக இருக்கும் என்று நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். வலது வளைவையும் இடது வளைவையும் ஜோடி சேர்த்துப் பத்து சட்டம் வரைந்தேன். அது கப்பலின் பாதி. மீதிப் பாதிக்கு, இரட்டை வீடு வரைகிறவர்கள் செய்வதுபோல, அதையே நகல் எடுத்துத் திருப்பிப் போட்டேன். இருபது சட்டம். அழகாக இருந்தது.

நிஜம் என்னவென்றால், கப்பலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றேதான். அதனால் பாதி மட்டும் வரைவார்களாம். இடத்தை மிச்சம் பிடிக்க, முன்பக்கத்துத் துண்டுகளை வலப்புறமும் பின்பக்கத்துத் துண்டுகளை இடப்புறமும் போட்டிருந்தார்கள். நான் முகத்தின் பாதியையும் முதுகின் பாதியையும் ஒட்டி ஓர் ஆள் செய்திருந்தேன். கடற்கரையில் பிறந்த பத்து வயசுப் பெண்கூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

திருச்சியில் தகடு வெட்டும் இடத்தில் சட்டங்களை வெட்டி வாங்கி, அவர் வேலையை ஆரம்பித்தார். முன்னறை முழுக்கக் கப்பல். சட்டங்களை நிறுத்தியதும் போட்டோ அனுப்பினார். பார்க்கக் கப்பல் மாதிரிதான் இருந்தது. கண்ணை விட விரலை நம்பித்தான் வேலை செய்தார். பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, வலப்பக்கத்துத் தகடுகளை அடியிலிருந்து மேலாகப் போர்த்திக்கொண்டே போனார். அதுவே இரண்டு மாதம் ஆயிற்று. அப்புறம் ஒரு நாள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்.

பாடாலூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். அவர் மனைவி வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா, கப்பல்காரர் அண்ணன். தோட்டமும் வெங்காயமும் முழுக்க அவர் பொறுப்பு; கணவர் சிங்கப்பூரில் இருந்த காலத்திலும் அப்படித்தான். உள்ளே போனதும் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்து, கப்பலின் மூக்கில் கைக்கொரு பக்கமாக வைத்தார். அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஒரு சாண் போவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வலது கை கத்தியைத் தடவியது, இடது கை பானையைத் தடவியது.

"நேத்துதான் அந்தப் பக்கத்து அளவுலயே இந்தப் பக்கம் தகடு வச்சேன். ஒக்காரல" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் செய்த தப்பு, முழுக்க என் தப்பு என்றேன். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எத்தனை நாளில் திருத்தித் தர முடியும் என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த அளவுக்குத் திருப்பவில்லை. அது என் கண்ணில் பட்டது, அதை நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரிந்தது.

அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லை. சட்டங்களைப் புதிதாக வரைந்தேன், வெட்டி வாங்கினேன், பழையதை அறுத்தெடுக்கப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் என் கணவர், நீ சம்பளத்துக்குப் போகிற ஆபீஸுக்கே இப்படி ஓடினதில்லை என்று கிண்டல் செய்தார். அக்கா ஒரு பக்கம் தகட்டைப் பிடிப்பார், நான் ஒரு பக்கம். அண்ணன் நடுவில் உட்கார்ந்து பற்றவைப்பார். இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபிறகும், வெல்டிங் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அக்கா அதட்டுவார்.

அந்த மாதங்களில்தான் கப்பல் எனக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்க விளங்கப் பயம் கலந்த ஒரு மரியாதை வந்தது. தீப்பெட்டி அளவில் முப்பது கொதிகலன் மடித்து வைத்தோம். நிஜத்தில் ஒவ்வொன்றும் எங்கள் ஆபீஸ் அறை அளவு. முப்பதுக்கும் முன்னால் ஆட்கள் நின்று கரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஆறேழுநூறு பேர் குடியிருந்த கப்பல் அது. எங்கள் தெருவையே அள்ளி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். இரும்பு உடம்புக்கு வெளியே தேக்குப் பலகை, பலகைக்கு வெளியே செம்புத் தகடு. பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கச் செம்பு. அதை நேரே இரும்பில் அடித்தால் கடல் தண்ணீரில் செம்பு இரும்பைத் தின்றுவிடும், அதனால் நடுவில் மரத்தை உட்காரவைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். இரண்டு மருமகள்களுக்கு நடுவில் மாமியார் படுக்கிற மாதிரி என்றார் அக்கா.

என்னை அதிகம் உலுக்கியது கரிதான். கப்பலின் பக்கச் சுவருக்குக் கனமான கவசம் கிடையாது. கொதிகலனுக்கு இரண்டு பக்கமும் நீளநீளமாகக் கரி அறைகள். அந்தக் கரிதான் குண்டைத் தாங்கும் சுவர். ஆயிரம் டன்னுக்கு மேல் கரி. அதையே எரித்துக்கொண்டுதான் ஓடவும் வேண்டும். ஓட ஓடச் சுவர் கரையும். தன் சுவரைத் தானே தின்றுகொண்டு போகிற வீட்டை யார் வரைவார்கள்? வரைந்திருக்கிறார்களே என்று அந்த ஏற்பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஊர் பிடிக்கப் புறப்பட்டவர்களுடைய கப்பல் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பிரமிப்பு பிரமிப்புதான். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடுவில், இடப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தகடு போர்த்தாமல் விட்டோம். உள்ளே கொதிகலன் தெரிய வேண்டும் என்பது அண்ணனுடைய ஆசை. ஆனால் அதை மடித்து முடித்த வாரம்தான் அவருக்குத் தீப்பெட்டி எது, தன் கட்டைவிரல் எது என்று தெரியாமல் போக ஆரம்பித்தது. புகைபோக்கிகளை அவர் தடவிக்காட்டிய இடத்தில் நான் வைத்தேன். வர்ணம் அவர் முன்பே வாங்கி வைத்திருந்தார். உடம்பு கறுப்பு, மேலே வெள்ளை, புகைபோக்கிக்கும் கொடிமரத்துக்கும் மஞ்சள். அந்தக் காலத்தில் இந்தக் கப்பல்களுக்கு அதுதான் வர்ணம். மஞ்சளைத்தான் மூன்று கடை ஏறி இறங்கித் தேடினாராம். அதை நானும் அக்காவும் அடித்தோம். ஈரம் காய்வதற்குள் அவர் டப்பாவை முகத்துக்கு அருகே வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டார். நான் வாசலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தை நான் தின்னாமல் இருந்திருந்தால் அவர் மஞ்சளைப் பார்த்திருப்பார். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தை முடியும் சமயம் வேலை முடிந்தது. அறைக்குள் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் மட்டும் மிஞ்சியிருந்தது. என்ன செய்வது என்று நான் விழித்தபோது அக்காதான் வழி சொன்னார். வெங்காயம் காயப்போடும் களத்துக்குக் கப்பலைத் தூக்கிப் போவோம், மேற்கே பொழுது சாயும்போது வானத்துக்கு முன்னால் நிறுத்துவோம், கறுப்பாகவாவது தெரியும் என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். களத்தில் இரண்டு பெஞ்சு போட்டு அதன் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள்.

அண்ணனைக் களத்தின் கிழக்கு ஓரத்தில், தரையில் உட்காரவைத்தோம். அங்கிருந்து பார்த்தால் கப்பலுக்குப் பின்னால் வெறும் வானம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். தெரியவில்லையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் ஒரு விரலை நீட்டி, காற்றில் மெதுவாக நாலு தடவை தொட்டார். நாலும் புகைபோக்கி இருந்த இடம்.

"முழுசா இருக்கு" என்றார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் கணக்கு வைக்கவில்லை. வானம் சிவந்து, கப்பல் இன்னும் கறுத்தது. எட்டடி தகடு என்பது எனக்கே மறந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஒன்று அறுத்த மக்காச்சோளக் காட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "எம்மாம் பெரிசு. இதையா செஞ்சுக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அக்கா, இதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். ஆறு மாதமாகத் தகடு பிடித்தவர் அதை அன்றுதான் கேட்டார். அண்ணன் எழுந்து, கையை நீட்டிக்கொண்டே கப்பலிடம் வந்து, மூக்கைத் தொட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் தடவியபடி நடந்தார். தகடு மூடாத இடம் வந்தது. கொதிகலன்களைத் தாண்டி விரல் கீழே இறங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் கப்பலுக்கு இரண்டு தரை உண்டு, ஒன்று கடலுக்கு, ஒன்று ஆளுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தக் காலத்துக் கப்பலிலும் உண்டு, இப்போது கட்டுகிற கப்பலிலும் உண்டு. அக்காவின் கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலை அந்தச் சந்துக்குள் விட்டார். ஒரு விரல்தான் போனது.

"இதுக்குள்ளயா?"

"இதுக்குள்ளதான். படுத்துக்கிட்டு வெல்டிங் அடிக்கணும். சில எடத்துல குந்தலாம்."

"இருவத்திரெண்டு வருசமும்?"

அவர் தலையை ஆட்டினார்.

"போன்ல ஒரு நாளும் சொல்லலீங்களே" என்றார் அக்கா.

"சொல்லியிருந்தா நீ போவ விட்டிருக்க மாட்ட."

அக்கா விரலை வெளியே எடுக்கவில்லை. நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.